பந்து நம்மகிட்ட, கோல் அவங்களுக்கு: நம்ம டீம்ல ஓட்டை எங்க?

கடைசிப்படி

இந்த ஃபுட்பால் சீசன்ல நம்ம டீம் ஆடுறதப் பாக்கவே எரிச்சலா இருக்கு. தோக்குறதுகூடப் பரவாயில்ல, ஒவ்வொரு தடவையும் ஒரே அச்சுல தோக்குறாங்க. அதுதான் தாங்கல.

4-3-3ல (டிஃபெண்டர் நாலு, மிட்ஃபீல்டர் மூணு, முன்னாடி மூணு) இறங்குறாங்க. முதல் இருபது நிமிஷம் பந்து முழுக்க நம்மகிட்டதான். நடுவுல நிக்கிற டிஃபெண்டர்களான சென்டர்பேக் ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தட்டுவாங்க. அங்கேர்ந்து ஓரத்து டிஃபெண்டரான ஃபுல்பேக், திரும்ப சென்டர்பேக், அப்புறம் அந்தப் பக்க ஃபுல்பேக். எதிர் டீம் அசையவே மாட்டாங்க. கடைசில பொறுமை போயி விங்குலேர்ந்து ஒரு கிராஸ் போடுவாங்க. அவங்க டிஃபெண்டர் தலையால வெட்டி விடுவான். அந்தப் பந்து நேரா அவங்க ஆளு காலுக்கே போகும். ரெண்டே பாஸ்ல நம்ம பெனால்டி பாக்ஸ் வந்துரும். நம்ம சென்டர்பேக் ரெண்டு பேரும் கோல பாத்துத் திரும்பி ஓடிக்கிட்டு இருப்பாங்க. 0-1.

அதுக்கப்புறம் ஒரே பதட்டம். கோல் கிக்கக்கூட வெளிய கொண்டுவர முடியாது. கீப்பர் சென்டர்பேக்குக்குத் தட்டுவாரு, அவரு ஃபுல்பேக்குக்குத் தட்டுவாரு, ஃபுல்பேக் கோட்டோரமா மாட்டிக்குவாரு. கார்னர்னா கேக்கவே வேண்டாம், கண்ண மூடிக்கலாம். 75ஆவது நிமிஷம் கோச்சுக்கு ஞானம் வந்து ஒரு மிட்ஃபீல்டர எடுத்துட்டு இன்னொரு ஸ்டிரைக்கர இறக்குவாரு. ரெண்டாவது கோலும் வாங்கிட்டு வீட்டுக்குப் போவோம். பேட்டியில மனுஷன் பொசஷன் கணக்கக் (பந்து யாருகிட்ட எவ்வளவு நேரம் இருந்துச்சுங்கறத) காட்டி "நாமதான் நல்லா ஆடினோம்"ங்கறாரு.

சென்டர்பேக்க மாத்தணுமா, நல்ல ஸ்டிரைக்கர் வாங்கணுமா, கோச்சையே அனுப்பணுமா? ஆட்டத்தப் படிக்கத் தெரிஞ்சவங்க சொல்லுங்க. "பொறுமையா இருங்க"ன்னு மட்டும் யாரும் வராதீங்க.

பின்காவல்

விடையில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். கிராஸ் வெட்டப்பட்டு, பந்து அவர்கள் காலுக்குப் போகிற அந்த நொடியில் படத்தை நிறுத்துங்கள். சென்டர்பேக் திரும்பி ஓடுவது அதற்கு நாலைந்து நொடி கழித்து வருகிற காட்சி. எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு அவர்களைத் திட்டுகிறோம். கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் பூட்டைக் குறை சொல்கிற கதை.

நாம் தாக்கிக்கொண்டிருக்கும்போதே, பந்து பறிபோனால் யார் எங்கே இருக்க வேண்டும் என்று ஆட்களை நிறுத்தி வைப்பதற்கு ரெஸ்ட் டிஃபென்ஸ் என்று பெயர். கீப்பர் நீங்கலாகப் பத்துப் பேரில் ஐந்து பேர் தாக்குதலுக்கு, ஐந்து பேர் பின்னால் காவலுக்கு என்பது பரவலான ஏற்பாடு. அந்த ஐந்து பேர் மூன்று பேர் பின்னால், இரண்டு பேர் முன்னால் என்று நிற்கலாம். இரண்டு பேர் பின்னால், மூன்று பேர் முன்னால் என்றும் நிற்கலாம். எதிரணி முன்னால் இரண்டு பேரை விட்டு வைத்திருந்தால் நமக்குப் பின்னால் மூன்று பேர் வேண்டும். ஒருவரை விட்டிருந்தால் இரண்டு போதும். எப்போதும் அவர்களைவிட ஓர் ஆள் கூடுதல், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் டீமை எண்ணிப் பார்ப்போம். இரண்டு ஃபுல்பேக்கும் ஒரே நேரத்தில் மேலே. கிராஸ் வருகிறது என்றதும் எட்டாம் நம்பர் இருவரும், அதாவது முன்னேறி ஆடும் மிட்ஃபீல்டர்கள், பாக்ஸுக்குள். மிச்சம் இரண்டு சென்டர்பேக்கும், அவர்களுக்கு முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டரான ஆறாம் நம்பரும். 68 மீட்டர் அகல மைதானத்தை மூன்று பேர் காக்க வேண்டும். ஆறாம் நம்பர் ஒரு பக்கம் இழுபட்டால் மறுபக்கம் வெறும் புல்தான்.

ஆள் கணக்கைவிட மோசமானது இடைவெளி. தாக்குதல் எதிரணி பாக்ஸ் அருகே நடக்கும்போது நம் சென்டர்பேக்குகள் நடுக்கோட்டை ஒட்டியாவது நிற்க வேண்டும். முடிந்தால் அதைத் தாண்டியும் நிற்கலாம். பாஸ் அடிக்கும் நொடியில் நம் பாதிக்குள், நம் கடைசி டிஃபெண்டருக்கும் பின்னால் நிற்கிற ஸ்டிரைக்கர் ஆஃப்சைடு, ஆனால் தன் பாதியிலேயே நிற்கிறவருக்கு அது கிடையாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் ஆட்கள் பயந்துபோய் நடுக்கோட்டுக்குப் பதினைந்து இருபது மீட்டர் பின்னாலேயே தங்கிவிடுகிறார்கள். மிட்ஃபீல்டுக்கும் அவர்களுக்கும் நடுவே முப்பது மீட்டர் காலி. வெட்டி விடப்பட்ட பந்து விழுவது அந்தக் காலியிடத்தில்தான். 1989, 1990 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அர்ரிகோ சாக்கியின் ஏசி மிலான் அணியில் கடைசி டிஃபெண்டருக்கும் முன்னணி ஸ்டிரைக்கருக்கும் நடுவே சுமார் 25 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பயிற்சியிலேயே ஊறிய பாடம். இன்றைய ஆட்டத்தில் அந்த அளவு கடினம்தான். 35 மீட்டருக்குள் வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

கிராஸ் போடுகிற டீமுக்கு இன்னொரு வேலை உண்டு. வெட்டப்படும் பந்து பெரும்பாலும் பெனால்டி வளைவை (பாக்ஸ் கோட்டின் நடுவே வெளியே புடைத்திருக்கும் வளைவு) ஒட்டி, கோலிலிருந்து 18 முதல் 25 மீட்டருக்குள் விழும். அங்கே இரண்டு பேர் காத்திருக்க வேண்டும். அவர்கள் நிற்பது கோல் அடிக்க மட்டும் இல்லை. அந்தப் பந்து எதிரணி காலுக்குப் போன முதல் ஐந்து நொடிக்குள் அவன் தலை நிமிர்ந்து பார்க்கவிடாமல் நெருக்குவதற்கும்தான். அந்த ஐந்து நொடியில் பந்து கிடைக்கவில்லை என்றால் துரத்துவதை விட்டுவிட்டுக் கீழே இறங்கி வரிசை கட்ட வேண்டும். பாதிப் பேர் துரத்த, பாதிப் பேர் இறங்கினால் நடுவில் கிழிந்துவிடும். உங்கள் டீமில் நடப்பது இதுதான் என்று பந்தயமே கட்டுவேன்.

செய்ய வேண்டியது: பந்து வலப்பக்கம் இருந்தால் இட ஃபுல்பேக் மேலே போகாமல் சென்டர்பேக்குகளோடு மூன்றாவது ஆளாக உள்ளே வரட்டும். எட்டாம் நம்பர் இருவரில் ஒருவர்தான் பாக்ஸுக்குள் போக வேண்டும். மற்றவர் ஆறாம் நம்பரோடு வளைவில் நிற்கட்டும். புது ஆள் வாங்க வேண்டியதில்லை, காசும் செலவில்லை.

சத்தக்காரன்

கோச்ச அனுப்புங்க, எல்லாம் சரியாயிடும். ஃபுல்பேக் உள்ள வரணும், வெளிய போகணும்னு நாம இங்க எழுதிக்கிட்டு இருக்கோம், சம்பளம் வாங்குறவரு அங்க கைய கட்டிக்கிட்டு நிக்கிறாரு.

ஆறாம்நம்பர்

பின்காவல் அண்ணன் சொன்னது பந்து போன பிறகு. பந்து இருக்கும்போதே ஒரு வியாதி இருக்கு, அதையும் பேசுவோம்.

சென்டர்பேக், ஃபுல்பேக், திரும்ப சென்டர்பேக், அந்தப்பக்க ஃபுல்பேக். இந்தப் பாதைய மேலேர்ந்து பாத்தா குதிரை லாடம் மாதிரி இருக்கும், நடுவுல யாருமே இல்ல. பொசஷன் ஏறும், எதிரணிக்கு வேர்க்கக்கூட வேர்க்காது. 2018 உலகக் கோப்பையில ரஷ்யாவுக்கு எதிரா ஸ்பெயின் 1000 பாஸுக்கு மேல போட்டு, 1-1ல முடிஞ்சு, பெனால்டி ஷூட்அவுட்ல வெளிய போனாங்க. 2022ல அதே ஸ்பெயின ஜப்பான் 2-1னு ஜெயிச்சப்ப ஜப்பான்கிட்ட பந்து 18 சதவீதத்துக்கும் கொறச்ச நேரம்தான் இருந்துச்சு. உங்க கோச் பேட்டியில காட்டுற கணக்குக்கு அவ்வளவுதான் மதிப்பு.

நடு வழி ஏன் அடைபடுது? எதிரணி 4-4-2ல நடு மைதானத்துல உக்காந்திருக்கும். முன்னாடி நிக்கிற ரெண்டு பேர் நம்ம சென்டர்பேக்க அமுக்க வர மாட்டாங்க, நம்ம ஆறாம் நம்பருக்குப் போற பாதைய முதுகால மறைச்சுக்கிட்டு நிப்பாங்க. ஆறாம் நம்பர் அந்த நிழல்லயே நின்னு கைய நீட்டிப் பந்து கேட்டா எப்படி வரும்? ரெண்டு மீட்டர் பக்கவாட்டுல நகரணும், இல்லேன்னா கீழ இறங்கி ரெண்டு சென்டர்பேக்குக்கு நடுவுல நிக்கணும். அப்ப அங்க மூணுக்கு ரெண்டு ஆயிடும். ஓரத்துல இருக்குற சென்டர்பேக்குக்கு முன்னாடி இடம் திறக்கும்.

முக்கியமானது இனிமேதான். இடம் திறந்ததும் பாஸ் போடக்கூடாது. பந்தக் கால்லயே வெச்சுக்கிட்டு நடக்கணும். பத்து மீட்டர், பதினஞ்சு மீட்டர் போனா எதிரணி மிட்ஃபீல்டர் ஒருத்தன் தன் இடத்த விட்டு வந்துதான் ஆகணும். அவன் வந்த இடத்துலதான் இப்ப நம்ம ஆளு சும்மா நிப்பான். யாரும் வரலேன்னா நேரா பாக்ஸ் வரைக்கும் போகலாம். ஒரு டிஃபெண்டர்கூட கிட்ட வராதப்ப பாஸ் தட்டுறதுதான் நீங்க சொல்ற அந்த எரிச்சலுக்கு மூலம். எதிரணி அசையாததுக்குக் காரணம் அவங்களோட சாமர்த்தியம் இல்ல, அசைய வேண்டிய அவசியத்த நாம குடுக்கல.

ஓரத்துல விங்கரும் ஃபுல்பேக்கும் ஒரே கோட்டுல நிக்கிறாங்களான்னு பாருங்க. ரெண்டு பேரும் டச்லைன ஒட்டி நின்னா ஒரே டிஃபெண்டர் ரெண்டு பேரையும் பாத்துக்குவான். ஒருத்தர் வெளிய நின்னா இன்னொருத்தர் உள்ள. யாரு எங்கங்கறது முக்கியமில்ல, ஒரே கோடு மட்டும் கூடாது.

பந்து வாங்குற விதத்தையும் கவனிங்க. உடம்ப முழுசா நம்ம கோல் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டு வாங்கினா திரும்பக் குடுக்கத்தான் முடியும். பாதி திரும்பின நிலையில, தூரத்துக் காலுக்கு வாங்கணும். பாஸ் குடுக்குறவனும் மெதுவா உருட்டக்கூடாது, அழுத்தி அடிக்கணும். 20 மீட்டர் பாஸ் தவழ்ந்து போனா அது போய்ச் சேருறதுக்குள்ள எதிரணி மொத்தமும் அந்தப் பக்கம் நகர்ந்துடும்.

கோல் கிக் விஷயம். 2019-20 சீசன்லேர்ந்து கோல் கிக்க நம்ம ஆளு பெனால்டி பாக்ஸுக்குள்ளயே வாங்கலாம்னு விதி மாறுச்சு. அதுக்கு முன்னாடி பந்து பாக்ஸ விட்டு வெளிய வந்தாத்தான் ஆட்டம் ஆரம்பம். அந்த மாற்றத்துக்கப்புறம் எல்லா டீமும் சின்னச் சின்னதா தட்ட ஆரம்பிச்சுட்டாங்க, தெரிஞ்சவங்களும் தெரியாதவங்களும். எதிரணி எதுக்காகக் காத்திருக்கும்னு தெரிஞ்சா பொறி புரியும். கோட்டோர ஃபுல்பேக்குக்குப் போற பாஸ், கீப்பரோட பலமில்லாத காலுக்குப் போற பாஸ், தரையில குதிச்சுக்கிட்டே வர்ற பாஸ். இந்த மூணுல எது நடந்தாலும் மூணு பேர் பாய்வாங்க. உங்க டீம் ஒவ்வொரு தடவையும் முதல் வகையத் தானா கையில குடுக்குது. ஃபுல்பேக்குக்கு ஒரு பக்கம் கோடு, மூணு பக்கம் ஆளு.

எதிரணி ஆளுக்கு ஆளா ஏறி நின்னா சின்னதா தட்டணும்னு எந்தச் சட்டமும் இல்ல. நீளமா அடிங்க. கோல் கிக்லேர்ந்து நேரா வர்ற பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது, இத எத்தனை ஸ்டிரைக்கர் பயன்படுத்துறாங்க? கடைசி டிஃபெண்டருக்கும் பின்னாடி போய் நிக்கலாம், கொடி ஏறாது. ஆனா அடிக்கிற இடம் முன்னாடியே முடிவாகியிருக்கணும், அந்த இடத்தச் சுத்தி மூணு பேர் நின்னிருக்கணும். எங்கயோ அடிச்சுட்டு எல்லாரும் வானத்தப் பாத்தா அதுவும் எதிரணிக்குக் குடுத்த பந்துதான்.

கடைசிப்படி

ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஒரு ஃபுல்பேக்க கீழ நிறுத்தி, ஒரு எட்டாம் நம்பரையும் வெளிய நிறுத்தினா, பாக்ஸுக்குள்ள இருக்குற ஆளு இன்னும் கொறையும். ஏற்கனவே கோல் வரல. அப்ப எப்படி அடிக்கிறது?

பின்காவல்

நியாயமான கேள்வி. பாக்ஸுக்குள் எத்தனை பேர் என்பதைவிட எந்த இடத்துக்கு ஓடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. மூன்று பேர் போதும். ஒருவர் அருகுக் கம்பத்துக்கு வேகமாக ஓட வேண்டும், பந்து கிடைக்கும் என்பதற்காக அல்ல, ஒரு டிஃபெண்டரை இழுத்துக்கொண்டு போவதற்காக. அடுத்தவர் தூரக் கம்பத்துக்கு. மூன்றாமவர் கொஞ்சம் தாமதித்து பெனால்டி புள்ளியில் நிற்க வேண்டும், கோலிலிருந்து 11 மீட்டர். ஐந்து பேர் ஒரே கொத்தாக ஆறு கஜக் கோட்டில் போய் நின்றால் அவர்களைக் காக்க இரண்டு டிஃபெண்டரே போதும்.

அதோடு, ஓரத்திலிருந்து உயரமாகப் போடும் கிராஸ் நாலில் ஒன்று நம் ஆள் தலையில் பட்டாலே நல்ல நாள். அதையே விங்கர் பாக்ஸின் ஓரம் வரை கொண்டுபோய், கோல் கோட்டருகிலிருந்து தரையோடு பின்னால் தட்டிக்கொடுத்தால் அந்தப் பந்துக்கு மதிப்பே வேறு. டிஃபெண்டர்கள் எல்லோரும் கோல் பக்கம் திரும்பி ஓடிக்கொண்டிருப்பார்கள், நம் ஆள் முன்னால் பார்த்தபடி ஓடி வருவான். பந்துக்குப் பின்னால் இருப்பதால் அவனுக்கு ஆஃப்சைடும் இல்லை.

மேலே போகாத ஃபுல்பேக் சும்மா நிற்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டப்பட்ட பந்தை அவர்தான் மீட்டு மறுபடி தாக்குதலைத் தொடங்குகிறார். ஒரு தாக்குதலுக்கு ஒரு ஆள் குறைவு, ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தாக்குதல்.

கார்னர்கொடி

கார்னரை எல்லோரும் சும்மா தாண்டிப் போகிறீர்கள். கண்ணை மூடிக்கொள்ளும் அளவுக்கு இருக்கிறது என்று கேட்டவர் எழுதியிருக்கிறாரே! கார்னர், ஃப்ரீ கிக் போன்ற செட் பீஸை நம்பியே கோப்பை தூக்கியவர்கள் உண்டு. 2004 யூரோவில் கிரீஸ் கால் இறுதி, அரை இறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்றே ஜெயித்தது. மூன்றுமே தலையால் அடித்த கோல். அரை இறுதியிலும் இறுதியிலும் அது கார்னரிலிருந்து வந்தது.

உங்கள் டீம் ஆளுக்கு ஆள் பிடிக்கிறதா, இடத்துக்கு ஆள் நிற்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. முழுக்க ஆளுக்கு ஆள் என்றால் எதிரணி ஒருவர்மேல் ஒருவர் மோதி மறைத்து, பிடிப்பவரைச் சிக்க வைத்துவிடுவார்கள். முழுக்க இடத்துக்கு ஆள் என்றால் நின்ற இடத்திலிருந்து குதிக்கிறவனுக்கும் ஓடி வந்து குதிக்கிறவனுக்கும் அரை அடி வித்தியாசம் வரும். அதனால் பெரும்பாலான டீம்கள் கலந்து செய்கின்றன. உயரமான ஐந்து பேர் ஆறு கஜக் கோட்டில், அதாவது கோலிலிருந்து 5.5 மீட்டரில், அருகுக் கம்பத்திலிருந்து தூரக் கம்பம் நோக்கி வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் மூன்று பேர், எதிரணியின் சிறந்த தலையடிக்காரர்கள் மூவரும் ஓடி வரும் வழியை உடம்பால் மறிப்பார்கள். பந்தை ஜெயிப்பது இவர்கள் வேலை இல்லை, அவர்களின் ஓட்டத்தைக் கெடுப்பது மட்டும்தான். ஒருவர் வளைவில். இன்னொருவர் கார்னர் அடிப்பவர் பக்கம், சின்னக் கார்னர் வந்தால் தடுக்க. அடிக்கும்வரை அவர் 9.15 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். சின்னக் கார்னருக்கு எதிரணி இரண்டு பேரை அனுப்பினால் நாமும் இரண்டு பேரை அனுப்ப வேண்டும். ஒருவரை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதில்தான் பாதிக் கோல் விழுகிறது.

பலவீனமான இடம் அருகுக் கம்பம். உள்ளே வளைந்து வரும் கார்னரில் அங்கே யாராவது லேசாகத் தலையால் உரசிவிட்டால் பந்து திசை மாறித் தூரக் கம்பத்துக்குப் போகும். அங்கே நிற்பவன் பார்வை இன்னும் கொடிப்பக்கமே இருக்கும். அதனால் வரிசையின் முதல் ஆள் டீமிலேயே நல்ல தலையடிக்காரராக இருக்க வேண்டும். குள்ளமான விங்கரைக் கம்பத்தோடு ஒட்டி நிறுத்துவது பழைய பழக்கம், இப்போதும் சிலர் விடுவதில்லை.

முதல் பந்தை வெட்டியதும் வேலை முடிந்துவிட்டதாக நின்றுவிடக்கூடாது. பந்து பாக்ஸை விட்டு வெளியே போகிற நொடியில் மொத்த வரிசையும் முன்னால் பாய வேண்டும், முதலில் பெனால்டி புள்ளிவரை, பிறகு பாக்ஸ் கோடுவரை. கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை, ஆனால் அடுத்த பாஸுக்கு உண்டு. கார்னர் அடித்தவரிடமே பந்து திரும்பப் போனால் அவர் இன்னும் கோட்டோரமே நிற்பார், நாம் வெளியே வந்திருந்தால் அப்போதே கொடி ஏறும். ஒரே ஒரு ஆள் சோம்பலாக உள்ளே நின்றாலும் எல்லோரும் ஆன்சைடு.

உங்கள் கீப்பர் பந்தைக் கட்டிக்கொண்டு படுத்து நேரம் கடத்துகிறவராக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 2025-26 சீசனிலிருந்து கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கார்னர் காக்கத் தெரியாத டீமுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

கல்கோட்டை

எல்லாரும் வரிசைய மேல ஏத்துங்கன்னு சொல்றீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. சென்டர்பேக் ரெண்டு பேரும் மெதுவா ஓடுறவங்களா இருந்தா? நடுக்கோட்டுல நிறுத்தினா பின்னாடி 50 மீட்டர் காலி. வேகமான ஒரு விங்கர் போதும், மானம் போயிடும். கீப்பரும் பாக்ஸ விட்டு வெளிய வந்து துடைக்கிற ஆளா இருக்கணும். 2014 உலகக் கோப்பையில அல்ஜீரியாவுக்கு எதிரா ஜெர்மனி கீப்பர் நொய்யர் ஆடினத ஞாபகம் வெச்சிருக்கீங்களா? பாக்ஸுக்கு வெளிய வந்து வந்து ஒரு டிஃபெண்டர் வேலையே பாத்தாரு. அவர் இல்லேன்னா அன்னிக்கி ஜெர்மனி கதை வேற. எல்லா டீம்லயும் நொய்யர் இல்ல.

என் யோசனை நேர் எதிர். பந்தக் குடுத்துடுங்க. 4-4-2ல முப்பது மீட்டர் பின்னாடி உக்காருங்க, எதிரணி ஏறி வரட்டும், அவங்க பின்னாடி காலி ஆகட்டும். 2013-14ல அட்லெடிகோ மாட்ரிட் லா லிகா ஜெயிச்சது, 2015-16ல லெஸ்டர் பிரீமியர் லீக் ஜெயிச்சது, ரெண்டுமே இந்த வழிதான். பொசஷன்ல பின்னாடி இருந்துக்கிட்டே பாயிண்ட்ஸ்ல முன்னாடி.

பின்காவல் சொன்னதுல ஒண்ண மட்டும் ஒத்துக்கிறேன். எங்க நின்னாலும் சேந்து நிக்கணும். முன்னாடி மூணு பேர் பந்துக்காரன நெருக்கப் போய், பின்னாடி நாலு பேர் பாக்ஸுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா மேல ஆடினாலும் கீழ ஆடினாலும் சாவுதான்.

பின்காவல்

கல்கோட்டை சொல்வதில் பாதி சரி. மெதுவான டிஃபெண்டரை வைத்துக்கொண்டு உயரமான வரிசை ஆடுவதானால் ஒரே நிபந்தனை: பந்து வைத்திருப்பவன்மேல் நெருக்கடி இருக்க வேண்டும். அவன் தலை குனிந்திருந்தால் வரிசை மேலே நிற்கலாம். யாரும் நெருக்காமல் அவன் தலை நிமிர்ந்து காலை வீச இடம் கிடைத்தால், அந்த நொடியே சென்டர்பேக்குகள் பின்வாங்க ஆரம்பிக்க வேண்டும், பந்து வரும்வரை காத்திருக்கக்கூடாது. இந்த ஒரு பழக்கம் இருந்தால் வேகத்தில் இரண்டு மூன்று மீட்டர் சம்பாதிக்கலாம். ஆனால் லெஸ்டரைக் காட்டும்போது முன்னால் வேகமான ஸ்டிரைக்கர் வார்டி ஓடினார் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் உட்கார்ந்து ஆடுவதற்கும் வேகமான ஆள் வேண்டும், இடம்தான் வேறு.

கணக்குப்பிள்ளை

ஸ்டிரைக்கர் வாங்கணுமான்னு ஒரு கேள்வி இருந்துச்சே, யாரும் தொடல. வாங்குறதுக்கு முன்னாடி நம்ம டீம் எங்கேர்ந்து அடிக்குதுன்னு பாருங்க. பெனால்டி நாலுல மூணு உள்ள போகும். பாக்ஸுக்கு வெளியேர்ந்து அடிக்கிற ஷாட் சராசரியா நூத்துக்கு மூணு நாலுதான். அதே இடத்துலேர்ந்து கால்ல அடிக்கிறதவிடத் தலையால அடிக்கிறதுக்கு வாய்ப்புக் கம்மி. அப்ப ஒரு மேட்ச்ல பதினஞ்சு ஷாட் அடிச்சும், அதுல பத்து வெளியேர்ந்து, மிச்சம் கிராஸ்ல வந்த தலையடின்னா, மொத்தத்தையும் கூட்டினா ஒரு கோல் தேறுறதே கஷ்டம். உலகத்துலயே விலை அதிகமான ஸ்டிரைக்கர நிறுத்தினாலும் அவருக்கும் அதே பந்துதான் வரும்.

எக்ஸ்ஜி (ஒரு ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்புங்கற மதிப்பு) கணக்கு போடுற தளங்கள்ல மேட்ச் மொத்தத்த மட்டும் பாக்காதீங்க. மொத்தத்த ஷாட் எண்ணிக்கையால வகுங்க. அதுதான் ஒரு ஷாட்டோட தரம். 0.1க்கு மேல இருந்தா நல்ல இடத்துலேர்ந்து அடிக்கிறாங்க, அப்பவும் பல மேட்ச்சா கோல் வரலேன்னா ஸ்டிரைக்கரப் பத்திப் பேசலாம். 0.06, 0.07ன்னு இருந்தா பிரச்சினை அவருக்குப் பந்து கொண்டுவர்ற வழியில இருக்கு. எதிரணியோட கணக்கையும் போடுங்க. கவுன்ட்டர்ல, அதாவது பந்தப் பறிச்சதும் வேகமா வர்ற எதிர்த்தாக்குதல்ல, வர்ற ஷாட் எண்ணிக்கையில கொஞ்சமா இருக்கும், ஒவ்வொண்ணும் தரத்துல பெருசா இருக்கும்.

சத்தக்காரன் அண்ணாச்சிக்கு: கோச்ச மாத்துனா அடுத்த சில மேட்ச் நல்லாப் போகுறது பல இடத்துல நடக்கும். ஏன்னா வரிசையாத் தோத்து அடிமட்டத்துக்கு வந்தப்பதான் மாத்துறாங்க. அங்கேர்ந்து கொஞ்சம் மேல வர்றது தானாவே நடக்கக்கூடியது. புது ஆளும் ரெண்டு ஃபுல்பேக்கையும் ஒண்ணா ஏத்திவிட்டா பழைய கதைதான்.

75ஆவது நிமிஷ மாற்றத்தப் பத்தி எழுதின கடைசிப்படிக்கும் ஒண்ணு. அஞ்சு பேர மாத்தலாம், ஆனா ஆட்டத்த நிறுத்த மூணு தடவைதான் வாய்ப்பு. இடைவேளையில மாத்துறது அந்த மூணுல சேராது. அப்ப இடைவேளைதான் இலவசம். அத விட்டுட்டு 75 வரைக்கும் காத்திருக்குறதுல லாபம் எதுவும் இல்ல. மிட்ஃபீல்டர எடுத்துட்டு ஸ்டிரைக்கர இறக்குறது, பின்காவல் சொன்ன அந்தக் காலியிடத்த இன்னும் பெருசாக்குறது.

கடைசிப்படி

முதல் கோல் விழுந்ததும் வர்ற பதட்டத்துக்கு என்ன மருந்து? அதோட, அடுத்த மேட்ச்ல இதையெல்லாம் நானே எப்படிப் பாத்துச் சொல்றது? டிவியில பந்து இருக்குற இடம் மட்டுந்தான தெரியுது.

ஆறாம்நம்பர்

பதட்டத்துக்கு உச்ச உதாரணம் 2014 உலகக் கோப்பையில பிரேசில், ஜெர்மனிகிட்ட 7-1னு தோத்தது. ரெண்டாவது கோல் 23ஆவது நிமிஷம், அஞ்சாவது கோல் 29ஆவது நிமிஷம். நாலாவது கோல் எப்படி வந்துச்சுன்னா, சென்டர்லேர்ந்து ஆட்டம் திரும்ப ஆரம்பிச்ச கையோட தன் பாதியிலயே மிட்ஃபீல்டர் பந்தப் பறிகொடுத்தாரு. கோல் வாங்கின அடுத்த அஞ்சு நிமிஷத்துல உடனே திருப்பிக் குடுக்கணும்னு பாயக்கூடாது. கேப்டன் பந்த மெதுவா சென்டருக்கு எடுத்துட்டு வரணும், அதுக்குள்ள ரெண்டு வார்த்தை சொல்லிடலாம். ஆரம்பிச்சதும் நடுவுல தட்டாம நீளமா எதிரணி மூலைக்கு அடிச்சு, அங்க ஒரு த்ரோ-இன் வாங்கினாலே போதும். ஃபுல்பேக் ரெண்டு பேரும் அந்த அஞ்சு நிமிஷம் நடுக்கோட்டத் தாண்டவே கூடாது.

பின்காவல்

டிவியில் தெரியாததே ஒரு தகவல்தான். வழக்கமான கேமரா மைதானத்தில் பாதியைக்கூடக் காட்டாது. எதிரணி பாக்ஸ் அருகே நாம் பந்தை இழக்கும் நொடியில் நிறுத்துங்கள். நம் சென்டர்பேக்குகள் படத்தின் ஓரத்திலாவது தெரிகிறார்களா? தெரியவே இல்லை என்றால் டீம் நீண்டுபோயிருக்கிறது.

தூரத்தை அளக்கப் புல்லில் வெட்டிய பட்டைகள் உதவும். பெனால்டி பாக்ஸின் ஆழம் 16.5 மீட்டர். அதற்குள் எத்தனை பட்டை என்று எண்ணி வகுத்தால் ஒரு பட்டையின் அகலம் கிடைக்கும், மூன்று பட்டை என்றால் தலா 5.5 மீட்டர். பிறகு ஆறாம் நம்பருக்கும் சென்டர்பேக்குக்கும் நடுவே எத்தனை பட்டை என்று பார்த்தால் போதும். மூன்றுக்குள் இருந்தால் நன்று, ஐந்தைத் தாண்டினால் அடுத்த கவுன்ட்டர் எந்த வழியில் வரும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்லிவிடலாம்.

மைதானத்துக்கே போவதானால் நடுவில் உட்காராதீர்கள், கோலுக்குப் பின்னால், உயரமான வரிசையில் இடம் பிடியுங்கள். அகல இடைவெளிகள் அங்கிருந்துதான் தெரியும். முதல் பாதி முழுவதும் பந்தைப் பார்க்காமல் பந்து இல்லாத பக்க ஃபுல்பேக்கை மட்டும் பாருங்கள். இடைவேளைக்குப் பிறகும் அவர் நிற்கும் இடம் மாறவில்லை என்றால் அது அவர் தப்பு இல்லை, அப்படித்தான் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சத்தக்காரன்

சரி, அப்ப கோச்சத்தான் கேக்கணும்னு நீங்களே வந்துட்டீங்க.